கண்டிப்பாக வெடிக்கும் துப்பாக்கி

எங்கள் அத்தான் மருதப்பன் கொஞ்ச நாள் இடுப்பில் படிக்கல்லைக் கட்டிக்கொண்டு எங்கள் தேக்கா வட்டாரம் முழுவதும் நடந்தார். காய்கறிக் கடையில் தராசுத் தட்டில் வைப்பார்களே, அந்த இரும்புப் படிக்கல்தான். கைத்துப்பாக்கியின் கனம் ஏறக்குறைய அவ்வளவு இருக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். உரிமம் கைக்கு வருவதற்குள் இடுப்பு பழகிவிடட்டும் என்று அவர் நினைத்தார். இடுப்பு பழகியது, வேட்டி பழகவில்லை. ஒருநாள் சந்தையில் மீன்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது கல் நழுவிக் காலில் விழுந்து, கட்டைவிரல் நகம் கறுத்துப்போய் வீடு வந்து சேர்ந்தார். அக்கா மஞ்சள் பற்று போட்டுக்கொண்டே சிரித்தாள். நானும் சிரித்தேன், மறைத்துக்கொள்ளக்கூட இல்லை.

அக்கா பெயர் பாக்கியலட்சுமி. நான் அவளுடைய தங்கை தங்கம். அப்போது நான் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. பஃபலோ ரோட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் அக்கா, அத்தானோடுதான் இருந்தேன். இது நடந்தது 1957இல்.

அத்தானுக்குச் சிராங்கூன் ரோட்டில் நகைக்கடையில் வேலை. முதலாளி அழகப்பன் கடையில் உட்கார்ந்திருப்பார். அத்தான் நகைகளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார். பொங்கோலில் ஒரு வளைகாப்பு, காத்தோங்கில் ஒரு நிச்சயதார்த்தம், சாங்கி விமானப்படைத் தளத்தில் வேலை பார்ப்பவர் வீட்டில் ஒரு கல்யாணம் என்றால், பெண்கள் கடைக்கு வராமலே நகை பார்த்து எடுக்க வேண்டுமே. அதற்கு அத்தான்தான். எந்த வீட்டுப் பெண்ணுக்கு என்ன பிடிக்கும், எந்த மாமியார் எதில் குறை சொல்வாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பஸ்ஸில் போவார், பஸ்ஸில் வருவார். நல்ல மனிதர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாது. கரப்பான்பூச்சியை அடிக்கச் சொன்னால் விளக்குமாற்றால் மெதுவாக வெளியே தள்ளிவிடுவார்.

அப்படிப்பட்டவர் துப்பாக்கி தூக்க வேண்டி வந்ததற்குக் காரணம், வேறொரு கடைக்காக இதே வேலை செய்த ஒருவரைப் பட்டப்பகலில் ஒரு கும்பல் பின்சந்தில் மடக்கிக் கத்தியால் வெட்டிப் பையைப் பறித்துக்கொண்டு போனதுதான். அந்த மனிதரின் வலது கை அதற்குப் பிறகு சோறு பிசையக்கூட உதவவில்லை. அந்தக் காலத்தில் ஆள்கடத்தலும் வழிப்பறியும் பேப்பரில் அடிக்கடி வரும் சமாச்சாரம். அழகப்பன் முதலாளி யோசித்துப் பார்த்து, போலீசில் முறையாக உரிமம் வாங்கி ஒரு கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டால்தான் இனி நகை வெளியே போகும் என்று சொல்லிவிட்டார். அக்கா இரண்டு இரவு தூங்கவில்லை. வேலையை விட்டுவிடுங்கள் என்றாள். அத்தான் விடுவதாக இல்லை. அவருக்கு அந்த வேலை பிடித்திருந்தது. வீடு வீடாகப் போய் உட்கார்ந்து, காபி குடித்து, கல்யாணப் பெண்ணின் கழுத்தில் அட்டிகையை வைத்துப் பார்க்கச் சொல்லும் வேலை எத்தனை பேருக்குக் கிடைக்கும்? கடைசியில் அக்கா ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள். துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கும்போது தானும் கூட வருவேன் என்றாள்.

உரிமப் பிரிவில் அத்தானின் விண்ணப்பத்தைப் பார்த்தவர் அம்பிகைபாகன் என்ற யாழ்ப்பாணத்துக்காரர். மூக்குக் கண்ணாடிக்கு மேலே அத்தானை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சுடத் தெரியுமா என்று கேட்டாராம். தெரியாது என்று அத்தான் உள்ளதைச் சொன்னார். அதைக் கேட்டதும் அம்பிகைபாகன் முகத்தில் ஒரு திருப்தி வந்ததாம்.

"நல்லது. தெரியுமெண்டு சொல்லுற ஆக்களுக்குத்தான் நான் யோசிச்சுக் குடுக்கிறனான்" என்றார்.

உரிமம் வந்தது. துப்பாக்கி விற்கும் கடை நகரத்தில் பெரிய கடைகள் இருக்கும் பக்கம். அங்கே போக அத்தான் துணைக்கு அழைத்துப் போனது ரவூப் பாயை. டன்லப் ஸ்ட்ரீட் முனையில் அவருக்குத் தோல் பெல்ட் கடை. சாரம், கைலி கட்டுகிறவர்கள் இடுப்பில் கட்டுவார்களே, பணப்பையும் பித்தளைப் பொத்தானும் வைத்த அகலப் பச்சை பெல்ட், அதைத் தைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குத் துப்பாக்கி உறை தைத்துக் கொடுத்த பழக்கமும் உண்டு. அத்தானுக்கும் அவருக்கும் சிநேகிதம் எப்படி ஆரம்பித்தது என்று இரண்டு பேருக்குமே நினைவில்லை. தினமும் சாயங்காலம் ஒரு தே தாரேயை இரண்டு கிளாசில் ஊற்றிக் குடிக்காவிட்டால் இருவருக்கும் பொழுது சாயாது. ரவூப் பாயின் மனைவி பரீதா அக்காவும் எங்கள் அக்காவும் அந்தத் தேநீரைப் பற்றிச் சலித்துக்கொள்வதையே ஒரு பொழுதுபோக்காக வைத்திருந்தார்கள்.

அக்கா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு துப்பாக்கி வாங்கப் போனாள். நானும் ஒட்டிக்கொண்டேன். கடைக்காரர் வயதான சீனர், மலாயில் பேசினார். கண்ணாடிப் பெட்டிக்கு மேலே ஒரு பச்சைத் துணியை விரித்து மூன்றை எடுத்து வைத்தார்.

முதலாவது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அத்தானுக்கு அதைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. பெல்ட்டின் பணப்பைக்குள்ளேயே போய்விடும், யாருக்கும் தெரியாது என்றார். இரண்டாவது தட்டையாக இருந்தது. சட்டைக்குள் வைத்தால் மேடு தட்டாது, ஆனால் சுடுவதற்கு முன்னால் பூட்டு மாதிரி இருக்கிற ஒரு சின்ன நெம்பைத் தள்ளிவிட வேண்டும். மூன்றாவது குட்டை மூக்கும் உருண்டை வயிறுமாக ஒரு சுழல் துப்பாக்கி. அந்த வயிற்றுக்குள் ஐந்து தோட்டா. பின்னால் ஒரு குட்டிச் சுத்தி. விசையை இழுத்தால் சுத்தி பின்னுக்குப் போய், வேகமாக முன்னால் வந்து தோட்டாவின் அடியில் அடிக்கும்.

அக்கா மூன்றையும் பார்த்துவிட்டு, மண்சட்டி வாங்கும்போது தட்டிப் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றையும் விரல் நகத்தால் தட்டிப் பார்த்தாள். கடைக்காரர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். அவள் கேட்டது ஒரே கேள்வி.

"அவசரத்துல இழுத்தா இதுல எது கண்டிப்பா வெடிக்கும்னு கேளுங்க பாய்."

ரவூப் பாய் மலாயில் கேட்டார். கடைக்காரர் சிரித்தார். கண்ணாடிப் பெட்டிக்கு மேலே வைத்துச் சொல்லக்கூடிய பதில் இல்லை அது, சுட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றார். ஒரு துப்பாக்கிச் சுடும் கழகத்தில் அவருக்குப் பழக்கம் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே கூட்டிப்போனார். பெண்களுக்கு வேலையில்லை என்று என்னையும் அக்காவையும் வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் எல்லாம் தெரிந்தது.

குட்டித் துப்பாக்கி இரண்டாவது குண்டிலேயே காலித் தோட்டா உறையைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. கடைக்காரர் எடுத்துவிட்டுக் கொடுத்தார். திரும்பவும் அப்படியே. பிடிக்கிற கை தளர்ந்தால் இந்த ஜாதி இப்படித்தான் செய்யும், தோட்டாவும் அதற்கு ஒத்துப்போகிற தினுசாக இருக்க வேண்டும் என்றார் அவர். சின்னதாக இருக்கிறது என்பதற்காக வாங்காதே, சின்னது கோளாறு செய்தால் சரிபண்ண விரலும் நுழையாது என்றும் சொன்னார். தட்டைத் துப்பாக்கி நன்றாகச் சுட்டது. ஆனால் கடைக்காரர் திடீரென்று கைதட்டி அவசரப்படுத்திய போதெல்லாம் அத்தான் அந்த நெம்பைத் தள்ள மறந்துவிட்டு, விசையை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் பழகுகிறவனுக்கு அது சரி, உனக்குச் சரிவராது என்று அதையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

உருண்டை வயிறு எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. இழுத்தால் வெடித்தது. ஐந்து முறையும் வெடித்தது. எப்போதாவது ஒரு தோட்டா வெடிக்காமல் போனாலும் கவலைப்படாதே, யோசிக்காமல் உடனே இரண்டாம் தடவை இழு, அடுத்த தோட்டா வந்து நிற்கும் என்று கடைக்காரர் சொல்லிக் கொடுத்தார். தோட்டா இல்லாமல் வைத்து, இழு, மறுபடி இழு என்று அத்தானின் விரலை நெடுநேரம் பழக்கினார். இன்னொன்றும் சொன்னார். இரண்டு கையும் எப்போதும் காலியாக இருக்க வேண்டும், குடைகூடப் பிடிக்காதே என்றார்.

அப்படியாக உருண்டை வயிறு எங்கள் வீட்டுக்கு வந்தது. ரவூப் பாய் ஒரு பச்சை பெல்ட்டை எடுத்து, வலது பக்கப் பணப்பையைப் பிரித்துவிட்டு, அந்த இடத்தில் உறை வைத்துத் தைத்தார். வேட்டிக்கு மேலே பெல்ட், அதற்கு மேலே முழங்கால் வரைக்கும் வருகிற தொளதொள ஜிப்பா. அக்கா ஜிப்பாவின் பக்கத்தில் ஒரு முழம் துணி கூடுதலாக விட்டுத் தைத்திருந்தாள். அத்தான் அதைப் போட்டுக்கொண்டு எங்கள் முன்னால் நின்று திரும்பித் திரும்பிக் காட்டினார். ஆறு மாதம் இருக்கும்போல என்றேன் நான். அக்கா என் தலையில் குட்டினாள். ஆனால் வெளியே யாருக்கும் தெரியவில்லை என்பது உண்மை. அத்தான் அன்றைக்கு அதோடு பொங்கோல் வரைக்கும் போய் வந்தார், கடையில் வேலை பார்க்கிறவர்களே கண்டுபிடிக்கவில்லை. அக்காவும் அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினாள். எனக்குத்தான் அலமாரிக்குள் அந்தத் துப்பாக்கி இருக்கிற வீட்டில் தூங்கப் பிடிக்கவில்லை. சொன்னால் கேலி செய்வார்கள் என்று சொல்லவில்லை.

அக்டோபரில் ஆயுத பூசை வந்தது. எங்கள் வீட்டில் ஆயுதம் என்றால் அதுவரை அக்காவின் தையல் மெஷின், அரிவாள்மணை, அத்தானின் சின்னத் தராசு, உரைகல், என் பள்ளிக்கூடத்துப் புத்தகங்கள், அவ்வளவுதான். அந்த வருஷம்தான் உண்மையாகவே ஆயுதம் என்று சொல்லக்கூடிய ஒன்று வீட்டில் இருந்தது. அதை வைக்காமல் எப்படி? உரைகல்லுக்குப் பொட்டு வைத்துவிட்டு உயிரைக் காப்பாற்றுகிற சாமானை விட்டால் நன்றாக இருக்குமா என்று அக்கா கேட்டாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அத்தான் தோட்டாக்களை எடுத்து அலமாரியில் பூட்டிவிட்டு, துப்பாக்கியைத் தாம்பாளத்தில் தராசுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அக்காவுக்கு எதையும் கொஞ்சமாகச் செய்யத் தெரியாது. சந்தனத்தை நன்றாகக் குழைத்து, குழலில் ஒன்று, வயிற்றில் ஒன்று, கைப்பிடியில் ஒன்று, பின்னால் அந்தக் குட்டிச் சுத்தியின் கழுத்தில் தாராளமாக ஒன்று என்று அப்பினாள். மேலே குங்குமம். பிறகு அட்சதையை இரண்டு கையாலும் அள்ளி எல்லாவற்றின் மேலும் போட்டாள். மஞ்சள் அரிசி தையல் மெஷினிலிருந்து என் இலக்கணப் புத்தகம் வரை எல்லா இடத்திலும் சிதறிக் கிடந்தது. சர்க்கரைப் பொங்கல் அன்று பிரமாதமாக அமைந்தது.

மறுநாள் விஜயதசமியன்று அத்தான் துப்பாக்கியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். குழலையும் கைப்பிடியையும் துணியால் துடைத்தார். சுத்தியில் இருந்த பொட்டை மட்டும் துடைக்கவில்லை. பூசைப் பொட்டை வேண்டுமென்றே அழிக்கக் கூடாது, அதுவாகத் தேய்ந்து போக வேண்டும். எங்கள் தையல் மெஷினில் போன வருஷத்துப் பொட்டே அப்போதும் லேசாகத் தெரியும். தோட்டாக்களைப் போட்டு, பெல்ட்டில் செருகிக்கொண்டு வேலைக்குப் போனார்.

நவம்பர் மாதம். சாங்கியில், விமானப்படைத் தளத்துப் பண்டகசாலையில் வேலை பார்த்த ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு அத்தான் தாலியும் வளையல்களும் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த வீட்டார் உருக்குவதற்குப் பழைய தங்கம் நிறையக் கொடுத்தனுப்பினார்கள். அதைப் பெல்ட்டின் இடதுபக்கப் பையில் வைத்துக்கொண்டு மத்தியானம் பஸ் ஏறினார். பாதி வழியில் மழை பிடித்தது. பருவமழை, வானம் இருண்டு போய்க் கொட்டித் தீர்க்கிற மழை. சிராங்கூன் ரோட்டில் இறங்கும்போது ஐந்தடி நடைபாதை முழுக்க ஆட்கள் ஒதுங்கி நின்றிருந்தார்கள். அத்தானுக்குத் தங்கத்தோடு கூட்டத்தில் நிற்க மனமில்லை. குடையும் இல்லை. நனைந்தால் நனையட்டும் என்று, கடையின் பின்வாசலுக்குப் போகிற சந்தில் இறங்கி வேகமாக நடந்தார்.

பெல்ட் கடை வாசலில் நின்ற ரவூப் பாய் இதைப் பார்த்தார். அவர் கண்ணில் பட்டது வேறு. ஜிப்பா நனைந்து உடம்போடு ஒட்டிப்போய், இடுப்பில் துப்பாக்கியின் வயிறும் மூக்கும் கைப்பிடியும் வரைந்து வைத்ததுபோல் தெரிந்தன. நடைபாதையில் நின்ற ஒன்றிரண்டு பேர் அதை உற்றுப் பார்ப்பதையும் அவர் கவனித்தார். துப்பாக்கி இருப்பது தெரிந்தால் அதோடு பணமோ தங்கமோ இருப்பதும் தெரிந்துவிடுமே. குடையை எடுத்துக்கொண்டு, "மருதப்பண்ணே, நில்லுங்க" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினார்.

சந்தின் இரண்டு பக்கமும் தகரக் கூரை. மழை அதில் அடிக்கிற சத்தத்தில் பெயர் கேட்கவில்லை. யாரோ ஓடிவருகிற காலடி மட்டும் அத்தானுக்குக் கேட்டது. அவர் நடையை வேகமாக்கினார். காலடியும் வேகமாயிற்று. வெட்டுப்பட்ட அந்த மனிதரின் கைதான் அப்போது மனசில் வந்தது என்று அத்தான் பிறகு சொன்னார். அதே நேரம் ஒரு கை பின்னாலிருந்து அவருடைய இடுப்புப் பக்கம் ஜிப்பாவைப் பிடித்து இழுத்தது.

அத்தான் துப்பாக்கியை உருவிக்கொண்டே திரும்பினார். எதிரே கறுப்பாகக் குடை, அதற்குக் கீழே ஒரு நெஞ்சு. விசையை இழுத்தார்.

'டொக்' என்று ஒரு சத்தம் வந்தது. வெடிக்கவில்லை. இரண்டாம் தடவை இழுக்கும்படி அவர் விரலைப் பழக்கியிருந்தார்களே, அந்த விரல் மறுபடி இழுக்கத் தொடங்கிவிட்டது. சுத்தி பாதி பின்னுக்கு எழும்பியிருந்தபோது குடை சாய்ந்தது, முகம் தெரிந்தது.

"அண்ணே, நான்தான். ரவூப்."

விரல் நின்றது. முதலில் அசைந்தது ரவூப் பாய்தான். துப்பாக்கியின் மூக்கை ஒரு விரலால் மெதுவாகப் பக்கத்தில் தள்ளிவிட்டார். அத்தானைக் கைத்தாங்கலாகப் பிடித்துக் கடைக்குள் கூட்டிவந்து முக்காலியில் உட்கார வைத்தார். துப்பாக்கியை வாங்கித் தோட்டாக்களை எடுத்தார். பிறகு தோல் தைக்கிற ஊசியால் சுத்தியின் இடுக்கைக் கிளறினார். காய்ந்துபோன சந்தனக் கட்டி ஒன்று உதிர்ந்தது. அதற்குள்ளே ஒரு மஞ்சள் அரிசி, சுத்தி அடித்த அடியில் நசுங்கியிருந்தது. சுத்தியின் அடியை அந்த அரிசி வாங்கிக்கொண்டுவிட்டது, தோட்டாவுக்குப் போய்ச் சேரவில்லை. ரவூப் பாய் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும் சிரித்தார். அத்தானுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் பெல்ட் கடை திறக்கவில்லை. ரவூப் பாய்க்குக் காய்ச்சல் என்று பரீதா அக்கா சொன்னாள். மழையில் ஓடினால் காய்ச்சல் வராமல் என்ன செய்யும் என்று திட்டினாள். அவளுக்கு வேறொன்றும் தெரியாது. அத்தான் பழங்கள் வாங்கிக்கொண்டு போய்க் கட்டில் பக்கத்தில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்தார். பரீதா அக்கா காபி போட உள்ளே போனதும் ரவூப் பாய் பேசினார். குரலில் சிரிப்பு இல்லை.

"பயந்தீங்க, சுட்டீங்க. அது கோவமில்லண்ணே. யாருன்னு ஒரு தடவ பாக்காம சுட்டீங்களே, அதுதான் எனக்குத் தாங்கல."

அத்தான் வீட்டுக்கு வந்து எங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அழுதார். நான் அத்தான் அழுது பார்த்தது அதுதான் முதல் தடவை. கண்டிப்பாக வெடிக்க வேண்டும் என்று கேட்டு வாங்கினது நான்தானே என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்தது. கடைக்காரரிடம், முதலாளியிடம், அந்தத் திருட்டுக் கும்பலிடம், எல்லாரிடமும். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கோபம் சந்தனத்தைத் தாராளமாக அப்பிய அக்காவின் கையைப் பார்த்ததும் போய்விட்டது. எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த வாரமே அத்தான் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டார். ஏன் என்று அம்பிகைபாகன் கேட்டதற்கு, என் கைக்கு அது ஒத்துவரவில்லை என்று மட்டும் சொன்னாராம். துப்பாக்கி இல்லாமல் நகையை வெளியே அனுப்ப அழகப்பன் முதலாளி ஒப்புக்கொள்ளவில்லை. அத்தானும் வற்புறுத்தவில்லை. வேலையே போனாலும் சரி என்ற முடிவோடுதான் போயிருந்தார். முதலாளி கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு அவரைக் கடைக்குள்ளேயே விற்பனைக்கு உட்கார வைத்தார். இத்தனை வருஷமாக அத்தான் வீடு வீடாகப் போய்ப் பழகிய பெண்களெல்லாம் அவரைத் தேடிக் கடைக்கு வர ஆரம்பித்தார்கள். வெயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. ஜிப்பாவில் அக்கா கூடுதலாக விட்ட துணியைப் பிரித்து எனக்கு இரண்டு கைக்குட்டை தைத்தாள். அத்தானுக்குக் கொஞ்சம் தொப்பை விழுந்தது, அது யாருக்கும் பயம் தராத தொப்பை.

ரவூப் பாய் காய்ச்சல் தெளிந்து கடை திறந்த பிறகும் அத்தான் அந்தப் பக்கம் போகக் கூசினார். வேறு தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வீடு வந்தார். ஒரு சாயங்காலம் ரவூப் பாயே நகைக்கடை வாசலில் வந்து நின்றார். முதலாளி இருப்பதைக்கூடப் பார்க்கவில்லை.

"ஒத்த கிளாசுல தே குடிச்சா எனக்குச் செரிக்க மாட்டேங்குது. வாங்க லா" என்றார்.

அதற்குப் பிறகு ஒருநாளும் அந்தத் தேநீர் தவறவில்லை. பரீதா அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். நாங்களும் சொல்லவில்லை. அவள் இப்போது இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். இடையில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. தீவு தனி நாடாயிற்று. எங்கள் தெருவில் பாதிப்பேர் அடுக்குமாடி வீடு கேட்டுப் பதிந்து வைத்தார்கள். அத்தான் பஃபலோ ரோட்டை விட்டு நகரவில்லை, தேநீருக்கு நடந்து போகிற தூரம் கூடிவிடும் என்றார்.

1966இல் ரவூப் பாயின் மூத்த மகளுக்கு நிக்காஹ் நடந்தது. நகையெல்லாம் அத்தான் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தது. டன்லப் ஸ்ட்ரீட்டில் பந்தல் போட்டிருந்தார்கள். ஆண்கள் முன்கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நானும் அக்காவும் பரீதா அக்காவோடு உள்ளறையில், திரைக்குப் பின்னால் இருந்தோம். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற உரிமை தகப்பனுக்கு. அவர் இல்லாவிட்டால்தான் மற்றவர்கள் என்று பரீதா அக்கா எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நிக்காஹை நடத்திவைக்கிற காதி பக்கத்தில் இருக்க, ரவூப் பாய் மாப்பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து, அவன் கையைத் தன் கைக்குள் பிடித்துக்கொண்டு, இன்ன பெண்ணை உனக்கு மணமுடித்துத் தந்தேன் என்று சொன்னார். மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டேன் என்று சொல்லி முடிப்பதற்குள், ஆண்கள் வரிசையில் ஒருவர் விம்மி விம்மி அழுகிற சத்தம் கேட்டது. எங்கள் அத்தான்தான். துண்டை வாயில் வைத்து அடைத்தும் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் முதுகைத் தடவிவிட்டார்கள். ரவூப் பாய் மட்டும் மாப்பிள்ளையின் கையை விடாமல், திரும்பி அத்தானை ஒருமுறை பார்த்தார்.

பரீதா அக்கா திரையை விலக்கிப் பார்த்துவிட்டு அதிசயப்பட்டாள். பொண்ணப் பெத்த மனுஷனே கல்லு மாதிரி உக்காந்திருக்காரு, இவரு ஏன் இப்படி அழறாரு என்று கேட்டாள். அவருக்குக் கல்யாணம் என்றாலே அப்படித்தான் என்று அக்கா சொல்லிச் சமாளித்தாள்.

பிரியாணி சாப்பிட்டுவிட்டு நாங்கள் மூவரும் நடந்தே அக்கா வீட்டுக்கு வந்தோம். மாடிப்படி ஏறும்போது அக்கா அத்தானைக் கடிந்துகொண்டாள். அத்தனை பேர் முன்னால் இப்படியா என்றாள்.

அத்தான் படியில் நின்று மூச்சு வாங்கினார்.

"பாய் அங்க இருந்தாருல்ல பாக்கியம், அதுக்குத்தான்" என்றார்.

அக்கா அவர் கையிலிருந்த வெற்றிலைப் பாக்குப் பையை வாங்கிக்கொண்டு முன்னால் ஏறிப்போய்க் கதவைத் திறந்தாள்.